பொன்மணியும் சங்கத்து ஏணியும்

பொன்மணிக்கு மாசியில்தான் வருஷம் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மொட்டை மாடிகளில் விட்டுப்போன பாசி தையில் காய்ந்து, மாசியில் கறுப்புச் செதிலாகப் பெயர்ந்து நிற்கும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று நாலு இலை விட்டிருக்கும். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலையும் புறா இறகும் அடைத்துக் கிடக்கும். பங்குனி வெயில் முழுசாக இறங்குவதற்குள் இதையெல்லாம் சுரண்டி, கழுவி, விரிசலை அடைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பில் வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து இரண்டு பூச்சு பூசிவிட வேண்டும். பூசிய வீட்டில் மின்விசிறி காற்றைத் தரும். பூசாத வீட்டில் அடுப்புச் சூட்டைத் தரும். சங்கரன்கோவிலில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதில் முதல் விரல் பொன்மணி.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த கதை சின்னது. இருபத்தைந்து வயதில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்குக் கூரையின் சிமென்ட் ஷீட் விரிசல் விட்டு, தறியிலிருந்த பாவு நூல் நனைந்தது. மேலே ஏற ஆண்கள் யாரும் முன்வரவில்லை. ஷீட் உடைந்தால் ஓடுகிற தறிமேல் விழ வேண்டும். முதலாளி கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, இருப்பதிலேயே எடை குறைந்தவளைத் தேர்ந்தெடுத்தார். எடை ஏன் குறைந்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்திருக்கும். அன்றைக்கு ஏறியவள்தான். கூடம் மூடின பிறகும் கூரை அவளை விடவில்லை.

இப்போது வயது நாற்பத்தாறு. சங்கம், கூட்டம், ஊர்வலம் என்று யார் வந்து கூப்பிட்டாலும் அவள் போனதில்லை. துண்டு நோட்டீஸ் கொடுத்தால் மரியாதையாக வாங்கிப் பருப்பு டப்பாவுக்கு அடியில் விரித்துவிடுவாள். அப்படிப்பட்டவள், போன வருஷம் ஒரு மூங்கில் ஏணியின் மூன்றாவது படி முறிந்து விழுந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்த வீட்டுக்காரர் முதலில் ஏணியைத்தான் புரட்டிப் பார்த்தார். வலது முட்டியில் இரண்டு மாதம் கட்டு. கட்டைப் பிரித்த அன்றைக்கே பொன்மணி ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த வருஷம் தை மாதம், தான் வேலை பார்க்கிற எல்லா வீட்டு வாசலிலும் நின்று அதைச் சொல்லிவிட்டும் வந்தாள்.

"படின்னா வாரேன். ஏணின்னா வேற ஆளப் பாருங்க."

ராஜபாளையம் ரோட்டில் வயலை அழித்து மனை போட்ட செண்பகா கார்டனில் பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்கும் மாடிப்படி இருக்கிறது. ஆனால் படி ஹாலுக்குள் இருக்கிறது. ஹாலுக்குள் பொன்மணி வரக் கூடாது. காரணம் சாதி. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் செண்பகா கார்டனில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் படித்தவர்கள். அவர்கள் சொல்வது விரதம்.

பங்குனி உத்திரத்துக்குக் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு வாரமோ பத்து நாளோ விரதம் இருப்பது இந்தப் பக்கத்து வழக்கம்தான். ஆனால் செண்பகா கார்டனில் பொன்மணி வாளியோடு வந்து நிற்கிற நாளெல்லாம் விரதம். மாசியில் வந்தாலும் விரதம், சித்திரையில் வந்தாலும் விரதம். அவ்வளவு பக்தியான தெரு. அதனால் பக்கத்துச் சந்தில் ஏணி சாத்தி ஏறிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய தலைக்கு மேலே, பூஜையறைக்கு நேர் மேலே, நாள் முழுக்க அவள் நடக்கலாம். தரையில் பத்தடி நடக்கக் கூடாது. ஏசி ரிப்பேருக்கு வருகிற ரிஸ்வான் அகமது ஷூ காலோடு ஹால் வழியாக மாடிக்குப் போய்வருவான், விரதத்தில் ஏசிக்கு விலக்கு உண்டு. போன ஆடியில் ஒரு குரங்கு மாடிக்கதவு வழியாக இறங்கிப் பூஜையறை வரைக்கும் போய்ப் பழத்தை எடுத்துக்கொண்டு, அதே படியில் ஏறிப் போனது. அதற்காக யாரும் ஹாலைக் கழுவிவிடவில்லை.

பொன்மணி சொன்னதை முதலில் யாரும் சட்டை செய்யவில்லை. மாசி முதல் வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. வேறு ஆள் இரண்டு பேர் வந்தார்கள். பாசிக்கு மேலேயே சுண்ணாம்பைத் தெளித்துவிட்டுப் போனார்கள். நாலே நாளில் சுண்ணாம்பு அப்பளமாக உரிந்து காற்றில் பறந்தது.

பொன்மணி வீட்டிலும் நிலைமை சரியில்லை. அந்தப் பதினோரு மாடி அவளுக்குப் பாதி வருஷத்துச் சோறு. புருஷன் மருதப்பன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தான்.

"ஏட்டி, நீ ஒருத்தி மட்டும் நின்னா அதுக்குப் பேரு ஸ்டிரைக் இல்ல. சும்மா இருக்கதுன்னு பேரு."

"நீங்க காலைலேருந்து வண்டிய வாசல்ல நிறுத்தி வச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன பேரு?"

"அது ஸ்டாண்டு."

"அப்ப நானும் ஸ்டாண்டுலதான் நிக்கேன்னு வச்சுக்கிடுங்க."

அதற்குள் செண்பகா கார்டன் குடியிருப்போர் நலச் சங்கம் கூடியது. செயலாளர் மூன்றாம் நம்பர் வீட்டுச் சங்கரபாண்டியன். அரசாங்க ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுக்க நாலு கையெழுத்துதான் விழுந்தது. சாக்கடைக்கு இரண்டு. ஆனால் சங்கத்துக்குப் பொதுவாக ஓர் அலுமினிய ஏணி வாங்குவது என்ற தீர்மானத்துக்கு ஒரே சாயங்காலத்தில் பதினோரு கையெழுத்தும் விழுந்தது. ஒற்றுமை, ஒற்றுமை என்று இந்த ஊரில் மேடை போட்டுத் தொண்டை கிழியப் பேசியவர்களெல்லாம் அந்தக் கூட்டத்தை ஒருமுறை போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

ஏணி வந்தது. இருபது அடி, இரண்டாக மடங்கும். அதை வைத்துக்கொள்ளும் பொறுப்பு எட்டாம் நம்பர் துரைப்பாண்டிக்கு. அவர் பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்றும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாதவர். ஏணிக்கு ஒரு நோட்டுப் போட்டார்கள். எந்த வீடு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் கையெழுத்து. நேரம் முடிந்தால் ஏணி அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். விதிகளைச் சங்கரபாண்டியனே உட்கார்ந்து எழுதினார், ஏழு விதி.

சங்கரபாண்டியன் பொன்மணியைக் கூப்பிட்டுவிட்டு ஏணியைக் காட்டினார். அவருக்கு அவசரம். மகள் அனுவைப் பார்க்கச் சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். ஹால் கூரையில், மின்விசிறிக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு கறை இருந்தது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் குடும்பத்து அந்தஸ்து அந்தக் கறை வழியாக ஒழுகிவிடும் என்பது அவருடைய கவலை.

"இது மூங்கில் இல்ல பொன்மணி, அலுமினியம். யானையே ஏறலாம்."

"யானை வந்தாலும் வீட்ல விரதம்னு சந்து வழியாத்தான் விடுவீங்களா சார்?"

அவர் சிரித்தார். கேட்கப் பிடிக்காததற்கெல்லாம் சிரிப்பது ஆபீஸ் பழக்கம்.

பொன்மணி ஏணியை ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. முட்டியை ஒருமுறை தடவிக்கொண்டாள். இன்னும் ஒரு வாரம் போனால் பங்குனி. அரை மனசாகச் சரி என்றாள். ஒரே நிபந்தனை, ஏறும்போதும் இறங்கும்போதும் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதையும் நோட்டில் எட்டாவது விதியாக எழுதினார்கள்.

பங்குனி இரண்டாம் வாரம், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சங்கரபாண்டியன் ஏணியைப் பிடிக்கப் பொன்மணி ஏறினாள். நோட்டில் எட்டிலிருந்து பதினொன்று வரை என்று எழுதியிருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒரு மாடி வேலை முடியும் என்று முடிவு செய்தவர் அவர்தான். அவளை யாரும் கேட்கவில்லை.

அவள் மேலே போய்ப் பாசியைத் தகட்டுக் கரண்டியால் சுரண்டினாள். கைப்பிடிச் சுவரிலிருந்து மூன்று அரசங்கன்றுகளை வேரோடு தோண்டி எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள். அரச மரத்தைப் பிடுங்குவது பாவம் என்று எந்த வீட்டுக்காரரும் அதைத் தொட மாட்டார். பாவம் பொன்மணிக்கு, சுவர் அவர்களுக்கு. அவள் அவற்றைக் கொண்டுபோய்க் குளத்துக் கரையில் நட்டுவிடுவாள். அங்கே அவள் நட்டது இப்போது ஏழெட்டு மரமாகி நிற்கிறது.

பிறகு, ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலை. அதற்கு ஒரே வழிதான். தண்ணீர் இறங்கும் குழாய் வாய் இரண்டையும் சாக்குத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, தொட்டியைத் திறந்துவிட்டு, மாடி முழுக்க இரண்டு விரல் உயரம் தண்ணீர் தேக்க வேண்டும். விரிசல் இருக்கிற இடத்தில் குமிழி வரும். வருவதற்கு ஒரு மணியும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். கூரை பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்பாள் பொன்மணி.

பத்தரைக்குத் தண்ணீர் நின்றது. சரியாகப் பதினொரு மணிக்குத் துரைப்பாண்டி சந்துக்குள் வந்தார். அண்ணாந்து பார்த்தார், யாரும் தெரியவில்லை. பொன்மணி தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நேரமாகிவிட்டது என்பதற்காக ஒரு விசில் ஊதினார். விசில் ஊதினால் ஆள் இறங்கிவிட்டதாக எடுத்துக்கொள்வது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். ஏணியை மடக்கி ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குத் தூக்கிப்போனார். நோட்டில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பொன்மணி வந்து எட்டிப் பார்த்தபோது சந்தில் ஏணி சாத்தியிருந்த இடத்தில் இரண்டு பள்ளம் மட்டும் இருந்தது. மாடிக்கதவைத் தள்ளிப் பார்த்தாள். குரங்குக்குப் பயந்து உள்ளே தாழ் போட்டிருந்தது. அவள் கத்தவில்லை. தொட்டி நிழலில் ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டாள். ஊரே வெந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் காலை நனைத்துக்கொண்டு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

சிவகிரிக்காரர்கள் அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகத்தான் பேச்சு. கோயிலில் கூட்டம் இல்லாமல் தரிசனம் சீக்கிரம் முடிந்துவிட்டதால், பதினொன்றரைக்கே வந்துவிட்டார்கள். சங்கரபாண்டியனின் மனைவி கோமதித்தாய் அவசரமாகக் கேசரி கிண்டப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா, மயில் பச்சைப் பட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். எல்லா வீட்டிலும் முக்கியமான விருந்தாளிக்குக் கொடுக்கிற இடம் அதுதான்.

முதல் சொட்டு விசிறியின் தண்டு வழியாக இறங்கி இறக்கையில் விழுந்தது. ஓடுகிற இறக்கை அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைத்தது. இந்த வீட்டில் அப்படிச் சமமாகப் பங்கு வைக்கப்பட்டது அன்றைக்கு அது ஒன்றுதான். மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். சங்கரபாண்டியன், ஏசித் தண்ணீர் என்றார். ஹாலில் ஏசி இல்லை. அடுத்த இரண்டு நிமிஷத்தில் சொட்டு சாரலானது.

அவர் துரைப்பாண்டிக்குப் போன் போட்டார். ஏணிமேல் ஒன்பதாம் நம்பர்க்காரர் ஏறி நிற்கிறார், பன்னிரண்டு வரை அவருடைய நேரம் என்று பதில் வந்தது. "ரூல்ஸ எழுதுனது நீருதான்வே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் துரைப்பாண்டி.

சங்கரபாண்டியன் படியேறி, சாத்திய மாடிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, ஹாலுக்குக் கேட்காத குரலில் கூப்பிட்டார்.

"பொன்மணி, தண்ணியத் தொறந்து விடு."

"கதவத் தொறங்க சார், விடுதேன்."

"கீழ ஆளு இருக்கு. ஏணி இப்ப வந்துரும்."

"வரட்டும் சார். அதுவரைக்கும் தண்ணியும் நிக்கட்டும்."

"வீட்ல விரதம்னு தெரியும்லா உனக்கு?"

"தெரியும் சார். எனக்கும் இந்த வருஷம் விரதம். ஏணி விரதம். நீங்கதான் பேசிப் பேசி முறிக்க வச்சிட்டீங்க. இப்ப மறுபடியும் இருக்கலாம்னு பாக்கேன்."

கீழேயிருந்து கோமதித்தாய், வந்தவர்களுடைய பட்டுச் சேலை நனைகிறது என்று கூப்பிட்டாள். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் எந்தக் கோப்பிலும் அன்றைக்கே முடிவெடுத்தவர் இல்லை அவர். இதில் அரை நிமிஷத்தில் எடுத்தார். தாழைத் திறந்தார்.

பொன்மணி நிதானமாக எழுந்து போய் இரண்டு அடைப்பையும் உருவினாள். தண்ணீர் சந்துக்குள் இரைந்துகொண்டு இறங்கியது. டிஷ் ஆன்டெனாவைக் கழற்றியபோது அடைக்காமல் விட்ட நாலு போல்ட் ஓட்டைகளில் குமிழி வந்துகொண்டிருந்ததை அவருக்குக் காட்டினாள். கறைக்குக் காரணம் இதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். அப்புறம் சுரண்டிய பாசி வாளியை ஒரு கையிலும், அரசங்கன்றுச் சாக்கை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, படியில் இறங்கினாள். பத்தொன்பது படி. பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்கு மேலே நடந்தவள் அதன் உட்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. ஷோகேஸில் பொம்மை, சுவரில் காலண்டர்.

மாப்பிள்ளையின் அம்மா, இவர் யார் என்று கேட்டார்.

"வாட்டர்ப்ரூஃப் கம்பெனியிலேருந்து வந்திருக்காங்க" என்றார் சங்கரபாண்டியன்.

அத்தனை வருஷமாக நீ, வா, போ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டுமேல் ஏறியவள், பத்தொன்பது படி இறங்குவதற்குள் மரியாதைக்குரியவளாகிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. தங்கள் வீட்டு மாடியும் ஒழுகுகிறது, சிவகிரிக்கு வருவீர்களா என்று கேட்டார்.

"படி உள்ளயா வெளியவா?" என்றாள் பொன்மணி.

"உள்ளதான். ஏம்மா கேக்கீங்க?"

"சும்மாதான். வாரேன்."

"நல்லதாப் போச்சு. சங்கரன்கோவில்ல நீங்க எந்தத் தெரு?"

இந்த ஊர்ப் பக்கம் அந்தக் கேள்விக்கு விலாசம் தெரிந்துகொள்வது மட்டும் வேலை இல்லை. ஹாலில் எல்லோருக்கும் அது தெரியும். சங்கரபாண்டியன் முந்திக்கொண்டு, கம்பெனி மெயின் ரோட்டில்தான் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டுப் பொன்மணியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. தலையை ஆட்டினால் போதும். சிவகிரியில் ஒரு வீட்டுப் படியில் ராஜாத்தி மாதிரி ஏறலாம். ஆனால் பொய்யில் ஏறுகிற படியும் ஏணிதான், எவன் எப்போது எடுத்துக்கொண்டு போவான் என்று தெரியாது. அதைத்தான் காலையில் ஒருமுறை பார்த்தாயிற்று.

பொன்மணி தன் தெருவின் பேரைச் சொன்னாள்.

"கம்பெனின்னு ஒண்ணும் இல்லக்கா. நான் மட்டுந்தான்."

விசிறியிலிருந்து கடைசிச் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா, ஓ என்றார். பொன்மணி வாசல் வழியாக வெளியே போனாள். அவள் தெரு முனை திரும்புவதற்குள் ஹாலில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் வந்தது.

மாடி வேலைக்குக் கூப்பிட்டுச் சிவகிரியிலிருந்து பொன்மணிக்குப் போன் வரவில்லை. ஆனால் கல்யாணப் பேச்சு முறியவில்லை. விருந்தாளிகள் இருக்கும்போதே சங்கரபாண்டியன் வீட்டில் ஹாலைக் கழுவிவிட்டது மாப்பிள்ளை வீட்டாருக்கு மிகவும் பிடித்துப்போனதாகக் கேள்வி. இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று பொருத்தம் என்பது ஜாதகம் பார்க்காமலே அங்கே தெரிந்துவிட்டது. அனுவை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விசிறியை முதலில் அணைத்தது அவள்தான்.

சங்கரபாண்டியன் மாடியில் வேலை பாதியில் நின்றது. நாலு ஓட்டை, சுரண்டிய தரை, பூசாத சுண்ணாம்பு. வைகாசியில் கல்யாணம். ஆள்மேல் ஆள் அனுப்பினார். பொன்மணி பழைய வாசகத்தையே திருப்பிச் சொல்லியனுப்பினாள். படின்னா வாரேன். மற்ற பத்து வீட்டுக்கும் மறுபடியும் அதையேதான் சொன்னாள். மருதப்பன் அதற்குப் பேர் என்ன என்று கேட்கவில்லை. அவனே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாசல் வாசலாகக் கூட்டிப்போனான்.

சங்கம் மறுபடியும் கூடியது. கதவைத் திறந்துவிடலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதினோரு வீட்டுக்கும் வெளியே இரும்புப் படி வைப்பது என்று தீர்மானம், மறுபடியும் பதினோரு கையெழுத்து. வெல்டிங் பட்டறை வெங்கடேஷ் ஒரு மாதம் வேறு வேலை எடுக்கவில்லை. ஈசானி மூலையில் படி கூடாது, சந்தில் வைத்தால் கன்னி மூலை கெடும் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டதால், எல்லா வீட்டிலும் படி வாசலுக்கு முன்னாலேயே வந்தது. இப்போது செண்பகா கார்டனில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது பொன்மணிக்காகப் போட்ட படிதான். ஏணி துரைப்பாண்டி வீட்டில் மடக்கிக் கிடக்கிறது. நோட்டை அவர் இன்னும் மூடவில்லை.

படி வந்த முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவளிடம் மருதப்பன் கேட்டான்.

"இப்ப என்னட்டி, ஜெயிச்சிட்டியா, தோத்துட்டியா?"

பொன்மணி காலை நீட்டி முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"வலிக்கல" என்றாள்.

அவனிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு வேலை சங்கரபாண்டியன் வீட்டில், அந்த வீட்டு மாடிக்கதவுக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ் உண்டு. கொத்தனார் வழக்கமாக வைத்துவிட்டுப் போனது, வீட்டில் யாரும் கவனித்ததில்லை. அன்று காலை புதுப் படியில் ஏறிப் பொன்மணி மேலே போனதும் முதல் காரியமாக அதைப் போட்டாள். நடுவில் சங்கரபாண்டியன் வேலையை மேற்பார்வை பார்க்க உள்படியில் ஏறி வந்து கதவைத் தட்டினார். ரெண்டாவது பூச்சு காயட்டும் சார், அதுவரைக்கும் இங்கன விரதம் என்று உள்ளேயிருந்தே, அதாவது வெளியேயிருந்தே, பதில் சொல்லிவிட்டு அவள் பூச்சு மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினாள்.